செப்பு பாய்லர் வாங்குங்கள், ஆனால் குளியலறைக்குள் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், செப்பு பாய்லர் மறுபடியும் வீடுகளுக்கு வருவதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கரியில் காய்ந்த வெந்நீரின் சுகத்தைப் பற்றி அதில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை, எனக்கும் அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். ஆனால் கட்டுரைக்கு மேலே பெரிதாகப் போட்டிருந்த படத்தில் பாய்லர் நிற்பது டைல்ஸ் ஒட்டிய குளியலறைக்கு உள்ளே, ஷவருக்குப் பக்கத்தில், அதன் தலையில் புகைக்குழாயே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து நாலு பேர் அப்படியே செய்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். தீபாவளி வேறு நெருங்குகிறது. எண்ணெய்க் குளியலுக்கென்று பரணில் கிடக்கும் பாய்லரை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கிற நேரம் இது, மழைக்காலம் என்பதால் ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தி வைக்கிற நேரமும் இதுதான்.

நான் நெய்வேலியில் வளர்ந்தவன், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த ஊர் இது. இங்கே பூமிக்குள்ளிருந்து வரும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம்தான், அதை அப்படியே அடுப்பில் போட்டால் புகைதான் வரும், தண்ணீர் லேசில் காயாது. அதனால் அதை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்டு, லெக்கோ என்ற பெயரில் விற்றார்கள். லெக்கோவை எரித்தவர்களுக்குத் தெரியும், ஒருமுறை பிடித்துக்கொண்டால் புகையே இருக்காது, கண் எரியாது, பாத்திரம் கரி பிடிக்காது, சிவந்த கட்டி நெடுநேரம் நின்று எரியும். எங்கள் தெருவில் பல வீடுகளில் பாய்லருக்கு அதுதான். இப்போது லெக்கோ கடையில் கிடைப்பதில்லை, அந்த இடத்தைச் சீமைக் கருவேலங்கரி பிடித்துக்கொண்டது. முதுகுளத்தூர், கமுதி பக்கம் மூட்டம் போட்டுச் சுட்டு மூட்டை மூட்டையாக வருகிறதே, அந்தக் கரிதான்.

லெக்கோவாகட்டும், கருவேலங்கரியாகட்டும், புகை வராது என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நான் பயப்படுவதும் அந்தப் புகை வராத தன்மைக்குத்தான். விறகு எரித்தால் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிடுவோம். கரி எரியும்போது அப்படி எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, தொண்டையில் கரகரப்புகூட இல்லை.

பாய்லரைத் திறந்து உள்ளே பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். வெளியே செப்புப் பானை, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள்தான் நெருப்பு, அதைச் சுற்றித்தான் தண்ணீர். அடியில் கம்பிச் சல்லடை, அதற்கும் கீழே சாம்பல் தட்டு. காற்று சாம்பல் தட்டு வழியாக நுழைந்து கங்குக்குள் ஏறுகிறது. அடியிலிருக்கும் கரி நல்ல காற்றில் முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, அது மேலே ஏறும்போது இன்னொரு சாண் உயரத்துக்கு இருக்கும் சிவந்த கரியைக் கடந்துதான் போகவேண்டும், அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோயிருப்பதால் அந்த வாயு மறுபடி கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கங்கின் மேல் நீலமாக ஒரு சின்னச் சுடர் ஆடுமே, அந்த மோனாக்சைடு எரிவதைத்தான் பார்க்கிறோம். சுடர் ஆடுகிறவரை ஓரளவு எரிந்து போகிறது. தண்ணீர் இன்னும் காயவில்லை என்று மேலே இரண்டு கை புதுக்கரியைக் கொட்டியதும் சுடர் அணைந்துவிடும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் எரியாமலே மேலே வரும். புகைக்குழாய் இருந்தால் அது கூரைக்கு மேலே போய்விடும். இல்லாவிட்டால் குளிக்கிறவர் மூக்குக்குத்தான் போகும்.

நெருப்பு அடங்கிச் சாம்பல் மூடிய பிறகு ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அது தவறு. காற்று குறைந்து கனிந்துகொண்டிருக்கும் கங்குதான் இந்த வாயுவைத் தாராளமாகக் கொடுக்கிறது. குளிர்காலத்தில் மலைப்பகுதி விடுதிகளில் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் நாளிதழிலேயே செய்தி வருகிறது. அவர்கள் நெருப்பை அடக்கி வைத்துவிட்டுத்தானே படுக்கிறார்கள்.

சரி, நம் பாட்டி காலத்தில் எல்லோரும் இதில்தானே குளித்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். பாய்லர் அப்போது எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் இருந்தது, பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. குளிக்கும் இடத்துக்குள்ளேயே இருந்தாலும் மேலே ஓடு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி, கதவு மேலேயும் தொடாது கீழேயும் தொடாது. வாயு தங்க இடமே இல்லை. இன்றைய குளியலறை கான்கிரீட் பெட்டி. ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல், அதுவும் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து தெரிகிறது என்று நிரந்தரமாக மூடியிருக்கும்.

இதை ஒரு கணக்காகவே சொல்கிறேன். ஐந்தடிக்கு ஏழடி குளியலறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே சுமார் 8 கன மீட்டர் காற்று. அதில் 100 கிராம் கரி எரிகிறது, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மோனாக்சைடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவே சுமார் 20 லிட்டர் வாயு. அந்த 8 கன மீட்டரில் கலந்தால் பத்து லட்சத்தில் 2500 பங்கு. 1600 பங்கு இருந்தாலே இருபது நிமிடத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போகும். 3200 என்றால் ஐந்து பத்து நிமிடத்தில் தலை சுற்றும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நம் கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதுவும் வெறும் 100 கிராம் கரிக்கு. தீபாவளி அன்று ஒருவர் பின் ஒருவராக வீடே குளிக்கும்போது எவ்வளவு கரி போடுவோம்?

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். புகைக்குழாய் உள்ள பாய்லரை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலையும் சாத்திவிட்டு, ஃபேனையும் போட்டால் அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டும், வேறு வழி இல்லாததால் புகைக்குழாய் வழியாகவே தலைகீழாக இழுத்துக்கொள்ளும். மேலே போகவேண்டியது கீழே இறங்கும். அதனால் ஃபேனை நம்பி பாய்லரை உள்ளே வைக்கவே கூடாது.

இன்னொரு விஷயம், இதை டாக்டர்கள் எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். இந்த வாயு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கால் துவண்டுபோவது. நம் வீட்டில் என்ன சொல்வோம்? பித்தம், வெறும் வயிற்றில் குளித்தது, சுகர் இறங்கிவிட்டது, எண்ணெய் தேய்த்த அசதி. கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது, உடனே அதை மாட்டிப் பார்ப்பார்கள், 98 காட்டும், ஒன்றுமில்லை என்று படுக்க வைத்துவிடுவார்கள். அந்தச் சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் கரி எரிந்த இடத்தில் ஒருவர் மயங்கினால் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கதவை அகலத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு, 108-ஐக் கூப்பிட்டு, கரி பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஆக்சிஜன்தான் இதற்கு மருந்து. பிள்ளை பெற்ற பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் காற்று படக்கூடாதென்று எல்லாவற்றையும் சாத்தி வைத்துக் குளிப்பாட்டுவார்களே, அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது. குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடும், அதனால் இந்த வாயு அதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும். கர்ப்பிணி என்றால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்குத் தாயைவிட அதிகப் பாதிப்பு.

என் அக்கா மகள் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், ஸ்க்ராண்டன் பக்கம் இருக்கிறாள். அந்த வட்டாரம் முழுக்க ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த இடம், இன்றும் அங்கே பல பழைய வீடுகளில் நிலவறையில் நிலக்கரி பாய்லர் ஓடுகிறது. வீட்டைச் சூடாக்குவதும் அதுதான், குளிக்க வெந்நீர் கொடுப்பதும் அதுதான். அரிசி அளவுக்கு உடைத்த கரியை ஒரு மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். பாய்லருக்குள்ளே சுருட்டி வைத்த செப்புக் குழாய் வழியாகக் குழாய்த் தண்ணீர் ஓடிச் சூடேறி வரும். பாய்லர் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டி இருப்பதால் குழாயில் வரும் வெந்நீர் தோலைப் பொசுக்கிவிடாதபடி குளிர்ந்த நீரைக் கலந்து அனுப்ப ஒரு வால்வு தனியாக உண்டு. அவள் வாடகைக்குப் போன வீட்டில் இது இருக்கிறது என்று போனில் காட்டினாள், நான் அதை விடியோவில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆந்த்ரசைட்டும் நம் லெக்கோ மாதிரியே நீலச் சுடர்தான், புகை கிடையாது. ஆனால் அந்த பாய்லரின் புகை செங்கல் புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போகிறது, குளிர்காலம் தொடங்கும் முன் அதைச் சுத்தம் செய்கிறார்கள், நிலவறையில் ஒன்றும் படுக்கையறைக்கு வெளியே ஒன்றுமாக மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறார்கள். அந்த அலாரம் இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கிறது, பேட்டரியில் ஓடும். செப்பு பாய்லருக்குக் கொடுக்கிற விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய காசில்லை.

அந்த ஊர் பாய்லரையும் நம் பாய்லரையும் குழப்பிக்கொள்வதால் வரும் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அங்கே இருப்பது மூடிய பாய்லர், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் வால்வோடு வருவது. நம்முடையது திறந்த பாத்திரம், மேலே மூடி சும்மா உட்கார்ந்திருக்கும், கொதித்தால் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அந்தத் தளர்ந்த மூடிதான் அதன் பாதுகாப்பு. இப்போது சில இடங்களில் பிளம்பரை வைத்து மூடியை இறுக்கிப் பற்றவைத்து, மாடித் தொட்டியிலிருந்து நேராக லைன் கொடுத்து, இந்தப் பக்கம் ஒரு வால்வு அந்தப் பக்கம் ஒரு வால்வு போட்டு ‘கீசர் மாதிரி’ ஆக்கிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்திலேயே ஒரு பாத்திரக் கடையில் அப்படி மாற்றியதை விற்பனைக்கு வைத்திருந்ததைப் பார்த்தேன், ஆவி போக ஒரு திறந்த குழாய்கூட இல்லை, கேட்டதற்கு இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை என்றார்கள். தண்ணீர் ஆவியானால் சுமார் 1600 மடங்கு இடம் கேட்கும். கரி நெருப்பைச் சுவிட்சைத் தட்டி அணைக்க முடியாது, தண்ணீர் கொதித்த பிறகும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு வால்வையும் மூடிவிட்டால் மெல்லிய செப்புத் தகடு என்ன செய்யும்?

தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு மூட்டக்கூடாது என்பது பழையவர்கள் எல்லோருக்கும் தெரியும், புதிதாக வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், ஆனால் மூட்டுகளில் பற்றவைத்திருக்கும் ஈயம் 200 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை அந்த மூட்டு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றினால் ஒழுக ஆரம்பித்துவிடும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நடுக்குழாயைச் சுற்றி உப்புப் படிகிறதா என்று அவ்வப்போது பார்த்துச் சுரண்டிவிட வேண்டும், படிவு தடித்தால் கரி எரியும், தண்ணீர் காயாது.

நான் பாய்லருக்கு எதிரி இல்லை. 25 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 850 கிலோ கலோரி வேண்டும், மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய ஒரு யூனிட். நல்ல கருவேலங்கரி கிலோவுக்கு 7000 கிலோ கலோரி தரும். பாதி சூடு குழாய் வழியே வீணாய்ப் போனாலும் கால் கிலோ கரியில் வேலை முடிந்துவிடும், விளாவினால் மூன்று வாளி தண்ணீர். அதோடு கொட்டாங்கச்சி, மட்டை, தோட்டத்துச் சுள்ளி என்று வீட்டில் கிடப்பதையும் போடலாம். மின்தடை வந்தாலும் வெந்நீர் உண்டு. ராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்களுக்கும், பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கும் இதனால் நாலு காசு வருகிறது என்பதையும் நான் சந்தோஷமாகத்தான் பார்க்கிறேன்.

அதனால் வைக்கவேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமாவது திறந்த ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இடுப்பளவு மேடை. பாய்லரை மேடைமேல் வைத்தால் அதன் குழாய் வாளியைவிட உயரத்தில் இருக்கும், சுவரில் துளை போட்டு வெந்நீரைக் குளியலறைக்குள் கொண்டுவந்துவிடலாம், நெருப்பு மட்டும் வெளியிலேயே நிற்கும். அந்த இணைப்புக்குச் சாதாரண பிவிசி போடாதீர்கள், 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும், சிபிவிசியோ செப்புக் குழாயோ போடுங்கள். புகைக்குழாய் கூரைக்கு மேலே நீண்டு நிற்கவேண்டும், எந்த ஜன்னலுக்கும் அடியில் முடியக்கூடாது. துளைக்கும் குழாய்க்கும் நடுவிலிருக்கும் சந்தைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சந்து வழியாகவே வாயு உள்ளே வரும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் பாய்லரை வரவேற்பறையில் அழகுக்கு வைத்துக்கொள்ளட்டும், வெந்நீருக்கு மின்சார கீசரோ மாடியில் சோலாரோ போதும். குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீசருக்கும் இதே பேச்சுதான், அதிலிருந்து வருவதும் இதே வாயுதான்.

பாத்திரக் கடைக்காரர்களை நான் கேட்டுக்கொள்வது, புகைக்குழாயைத் தனி விலைக்கு விற்காதீர்கள், அது இல்லாமல் பாய்லரைக் கொடுக்காதீர்கள், தண்ணீர் முதலில் நெருப்பு பிறகு, வீட்டுக்கு வெளியில் மட்டும் என்ற இரண்டு வரியை அதன் வயிற்றிலேயே தகட்டில் பொறித்துக் கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் பழமை வேண்டுமென்று பாய்லரைக் குளியலறைக்குள்ளேயே வைப்பதை நான் இரண்டு ஊர்களில் பார்த்துவிட்டேன். அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் படுக்கை விரிப்பைப் பார்க்கிற நேரத்தில் குளியலறைக்குள்ளும் எட்டிப் பார்க்கவேண்டும், கரி எரியும் பாத்திரம் உள்ளே இருந்தால் அனுமதி தரக்கூடாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தைப் போட்ட அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடத்தில், தீபாவளிக்கு முன்பே, வெளியே மேடையில் புகைக்குழாயோடு நிற்கும் ஒரு பாய்லரின் படத்தைப் போடுங்கள். கூடவே ஆக்சிமீட்டர் விஷயத்தை ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெய்வேலி வாசகர் ஒருவர்